சொதி ஏறிய மலை

குளிரை அளப்பது என் தொழில். கோவையில் நாங்கள் செய்யும் வெப்பமானிகள் ஐஸ்கிரீம் கிடங்குகளிலும் மேட்டுப்பாளையத்து உருளைக்கிழங்குக் கிடங்குகளிலும் தொங்குகின்றன. மைனஸ் இருபத்தைந்து டிகிரி அறைக்குள் ஜெர்க்கின் போட்டுக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்து குறிப்பெடுத்திருக்கிறேன். ஆனால் இருபத்தெட்டு வயது வரை பனி பொழிந்து கிடந்த ஒரு நிலத்தைப் பார்த்ததில்லை. ஊட்டியில் பார்த்தது உறைபனி. காலை ஏழு மணிக்குப் புல்லின் மேல் உப்புத் தூவியதுபோல இருக்கும், எட்டரைக்குக் காணாது.

அக்டோபரில் பன்னிரண்டு நாள் வேலையாக மான்ட்ரியலுக்குப் போகச் சொன்னார்கள். நோட்டில் இரண்டு தலைப்புகள் எழுதினேன். முதல் தலைப்பின் கீழ் பதினேழு வரிகள்: புவாண்ட்-கிளேர் பகுதியில் ஒரு மருந்துக் கிடங்கு, நான்கு குளிர் அறைகள், நாற்பது வெப்பமானிகள், பொருத்துவது, சரிபார்ப்பது, கையெழுத்து வாங்குவது. இரண்டாவது தலைப்பின் கீழ் ஒரே வரி: பனியைத் தொட வேண்டும்.

தங்கியது டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில், கலா அக்கா வீட்டின் கீழ்த்தளத்து வாடகை அறையில். கலா அக்காவுக்கு ஐம்பத்து நான்கு வயது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இருபத்திரண்டு வருடங்களாக டோர்வல் விமான நிலையத்துக்குப் பக்கத்தில், விமானங்களுக்குச் சாப்பாட்டுத் தட்டு அடுக்கும் வேலை. வீடு முழுக்க அட்டைப் பெட்டிகள். கணவருக்கு டொரண்டோவில் வேலை கிடைத்து மகளோடு முன்னால் போய்விட்டார். நவம்பரில் அக்காவும் போகிறார்.

வாசலில் நின்று, "வணக்கம் ஆன்ட்டி" என்றேன்.

"ஆன்ட்டியோ? அந்தச் சொல்லைச் சப்பாத்தோட சேர்த்து வெளியில கழட்டி வைச்சிட்டு உள்ளுக்கு வாரும். எல்லாருக்கும் நான் அக்காதான்."

"சரிங்க்கா."

"அதென்ன 'ங்'? மூக்கடைப்போ?"

அது கோவைக்காரர்களின் மரியாதை என்று விளக்கினேன். அவர் என்னை 'வாரும், இரும், சாப்பிடும்' என்று சொன்னது எனக்கும் அதே அளவு விநோதமாக இருந்தது. எங்கள் பக்கம் நாடக மேடை அரசர்கள்தான் அப்படிப் பேசுவார்கள். இரண்டே நாளில் பழகிவிட்டது. மூன்றாம் நாள் அந்த மரியாதை பிடித்தும்விட்டது.

புதன்கிழமை காலை பேருந்தில் ஏறி ஒரு தவறு செய்தேன். இடது பக்கம் வண்டி ஓட்டும் நாட்டிலிருந்து வந்தவள், பழக்க தோஷத்தில் சாலையின் தவறான பக்கத்தில் நின்று, எதிர்த் திசைப் பேருந்தில் ஏறிவிட்டேன். கையில் கருவிப் பெட்டி. ஓட்டுநர் பெட்டியைப் பார்த்துவிட்டு, "எத்தனை மணிக்கு விமானம்?" என்று பிரெஞ்சில் கேட்டிருக்க வேண்டும். எனக்குப் புரியவில்லை. தலையை ஆட்டினேன். மனிதர் அக்கறையாக, விமான நிலையத்துக்குப் போக எங்கே மாற வேண்டும் என்று சைகையில் காட்டி இறக்கிவிட்டார். நானும் சொன்னபடி மாறினேன். டோர்வலில் இறங்கி நின்றபோதுதான் சந்தேகம் வந்தது.

அந்த நிறுத்தத்தில், இரவு வேலை முடித்துக் கையில் தேநீரோடு கலா அக்கா உட்கார்ந்திருந்தார்.

"என்ன பிள்ளை, ஊருக்கு ஓடப் பாக்கிறீரோ? ரெண்டு நாள்கூட ஆகேல்லை!"

அடுத்த பேருந்துக்குப் பதினெட்டு நிமிடம் இருந்தது. அந்தப் பதினெட்டு நிமிடத்தில்தான் மலைக்கதையைக் கேட்டேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் சேர்ந்து நடக்கும் தமிழ்க் குழு ஒன்று அவர்களுக்கு உண்டு. ஒன்பது பேர். வருடக் கடைசி நடை, குளிர்காலம் இறுகுவதற்கு முன்னால், வடக்கே லோரன்ஷியன் மலைத்தொடரில் ஓர் உயரமான மலைக்கு. அதன் பிரெஞ்சுப் பெயர் நான்கு சொல் நீளம். குழுவில் எல்லோரும் 'பெரிய மலை' என்கிறார்கள். கலா அக்கா இரண்டு வருடம் போயிருக்கிறார். இரண்டு வருடமும் பாதியில் திரும்பியிருக்கிறார். முதல் முறை மூச்சு, இரண்டாம் முறை முழங்கால்.

"அதோட எனக்குப் பேரும் வைச்சிட்டினம். பாதிமலை. 'பாதிமலை வந்தாச்சா, வேன் எடுக்கலாமா' எண்டு என்ர முகத்துக்கு முன்னாலயே கேக்கினம். நானும் சிரிக்கிறனான்தான்." தேநீரை ஒரு மடக்குக் குடித்தார். "வாற ஞாயிறு போகினம். இதுதான் எனக்குக் கடைசி. டொரண்டோவில மலை இல்லைப் பிள்ளை. மேம்பாலம்தான் இருக்கு."

"மலையில பனி இருக்குமாங்க்கா?"

"ஸ்னோவோ? ஒக்டோபரிலயோ? உமக்கு அதிர்ஷ்டம் இருந்தால் இருக்கும். எனக்கு அதிர்ஷ்டம் இருந்தால் இராது. வாறீரோ?"

இரண்டாவது தலைப்பின் ஒற்றை வரியை நினைத்துக்கொண்டு, வருகிறேன் என்றேன்.

அதிர்ஷ்டம் என் பக்கம் இருந்தது. வியாழக்கிழமை மான்ட்ரியலில் நாள் முழுக்க மழை. கிடங்கின் சாப்பாட்டு அறையில் உருளைக்கிழங்கு வறுவலின் மேல் சூடான குழம்பும் பாலாடைக்கட்டித் துண்டுகளும் போட்ட உள்ளூர்ப் பண்டத்தைத் தின்றுகொண்டிருந்தேன். அந்தக் கட்டி பல்லுக்கிடையில் கீச்சிடும். பழக வேண்டும். பக்கத்து மேசையில் ஃபோர்க் லிஃப்ட் ஓட்டுபவர் கைப்பேசியைப் பார்த்து ஏதோ சொன்னார். எல்லோரும் துக்கம் விசாரிப்பதுபோல் 'த்ச்' கொட்டினார்கள். என்ன விஷயம் என்று ஆங்கிலத்தில் கேட்டேன்.

"வடக்கே மலைகளில் பனி விழுந்துவிட்டது. இவ்வளவு சீக்கிரம்! இலைகூட இன்னும் உதிரவில்லை."

அந்த அறையில் நான் ஒருத்தி மட்டும் சிரித்தேன்.

சனிக்கிழமை மாலை குழுவின் அமைப்பாளர் ரமணன் வந்தார். நாற்பது வயதுக்கு மேல், நகரப் பேருந்து ஓட்டுநர். என் கருவிப்பெட்டிக் கதை அவர்வரை போயிருந்தது. பேருந்தின் எந்தப் பக்கத்தில் கதவு இருக்கும் என்று எனக்கு வகுப்பு எடுத்துவிட்டு, காரியத்துக்கு வந்தார். குழுவுக்கு இரண்டு விதிகள். ஒன்று, மத்தியானச் சாப்பாடு உச்சியில்தான், அதுவும் சேர்ந்துதான். ஆளுக்கு ஒரு பண்டம் சுமக்க வேண்டும். இரண்டு, மத்தியானம் சரியாக ஒரு மணிக்கு இன்னும் உச்சியை எட்டாதவர்கள் எந்த இடத்தில் நின்றாலும் மேலே ஏறுவதை நிறுத்திவிட்டுத் திரும்ப வேண்டும். ஆறு மணிக்கு முன்னால் இருட்டிவிடும்.

முதல் விதி எனக்குப் பிடித்திருந்தது. எங்கள் ஊரில் மலைக்குப் போனால் அவரவர் புளிசோறு அவரவர் பையில். இங்கே ரமணன் துண்டுத்தாளில் பங்கு பிரித்தார். இடியப்பம் அவர். சம்பல் ஒருவர். கத்தரிக்காய்ப் பால்கறி ஒருவர். தட்டும் கரண்டியும் நான்.

"சொதி நான் கொண்டு வாறன்" என்றார் கலா அக்கா. இடியப்பத்துக்கு ஊற்றும் தேங்காய்ப்பால் குழம்பு அது.

ரமணன் பேனாவை நிறுத்தினார். "அக்கா, அது நாலு லீட்டர் பிளாஸ்க். பாரம். நீங்கள் போன முறை மாதிரிச் சும்மா வாங்கோவன்."

"இருபத்திரண்டு வருசமா நான் வேலையில தூக்கிறது என்ன, பஞ்சோ? எழுதும்."

எழுதினார். பிறகு என் மணிக்கட்டில் இருந்த கடிகாரத்தையும் மடியில் இருந்த நோட்டையும் பார்த்துவிட்டு, "தங்கச்சி, நீங்கள்தான் கடைசி ஆள். உங்களுக்குப் பின்னால எங்கட ஆக்கள் ஒருத்தரும் இருக்கக்கூடாது. ஒரு மணி உங்கட பொறுப்பு" என்றார்.

அவர் போனபின், இடியப்பத்தை நாங்கள் சந்தகை என்போம், தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் ஊற்றிச் சாப்பிடுவோம் என்று அக்காவிடம் சொன்னேன். "இனிப்போடயோ? ஐயோ பாவம்" என்று உண்மையான இரக்கத்தோடு சொன்னார். மறுநாள் விடியும்போதே அவர் சொதி வைத்துவிட்டார். தேங்காய்ப்பாலில் மஞ்சள், பச்சை மிளகாய், வெங்காயம், கறிவேப்பிலை, இறக்கியபின் எலுமிச்சைச் சாறு. கொதிக்கக் கொதிக்கப் பிளாஸ்கில் ஊற்றி, துண்டில் சுற்றி, மகளின் பழைய பள்ளிக்கூடப் பைக்குள் இறக்கினார். அவர் உடுத்தியிருந்தது ஒன்றன் மேல் ஒன்றாக இரண்டு கால்சட்டை, கணவரின் ஜாக்கெட், காதை மூடும் கம்பளித் தொப்பி.

ஒன்பது மணிக்கு ஏறத் தொடங்கினோம். அடிவாரத்தில் பனியே இல்லை. மேப்பிள் இலைகள் சிவப்பும் மஞ்சளுமாகப் பாதையெங்கும் ஈரமாக ஒட்டிக்கிடந்தன. வெப்பநிலை மூன்று டிகிரி. இரண்டாவது கிலோமீட்டரில் ஒரு வளைவு திரும்பியதும், யாரோ கோடு கிழித்ததுபோல், அதற்கு மேலே எல்லாம் வெள்ளை. சிவப்பு இலைகள் அப்படியே கிளையில் இருக்க, ஒவ்வோர் இலையின் மேலும் விரல் தடிமனுக்குப் பனி.

சட்டைப் பையிலிருந்த வெப்பமானியைப் பனியில் குத்தினேன். மைனஸ் ஒன்று. பிறகு கையுறையைக் கழற்றிவிட்டு அள்ளினேன். எடையே இல்லை. கையை மடக்கிப் பிடித்தால் பொருக்கென்று சத்தம் போட்டது. கிடங்குச் சுவரில் படியும் பனியைச் சுரண்டிப் பார்த்திருக்கிறேன், அது அழுக்கு, கருவியின் எதிரி. இது வேறு பொருள். நோட்டை எடுத்து அந்த ஒற்றை வரியை அடித்தேன். என் வேலை முடிந்தது. இனி அக்காவுடையது.

முன்னால் போன எட்டுப் பேரும் கண்ணுக்கு மறைந்துவிட்டார்கள். ரமணன் எங்கள் காலணிகளுக்கு அடியில் மாட்டிவிட்டிருந்த இரும்பு முட்கள் ஒவ்வோர் அடிக்கும் கறுக் கறுக்கென்றன. அக்கா பேசுவதை நிறுத்தியிருந்தார். எதிரே இறங்கி வந்த ஒரு தம்பதி, "தைரியம்! இன்னும் பத்தே நிமிடம்" என்று பிரெஞ்சிலும் எனக்காக ஆங்கிலத்திலும் சொல்லிவிட்டுப் போனார்கள். அரை மணி கழித்து இன்னொருவர், நாயோடு, "பத்து நிமிடம்தான்."

"இவையளின்ர பத்து நிமிஷம் என்ன றப்பரோ?" என்றார் அக்கா. அது அந்த ஒரு மணி நேரத்தில் அவர் சொன்ன முதல் வாக்கியம்.

பதினொன்றே காலுக்குப் பாதி வழியில் ஒரு பெரிய பாறை வந்தது. பக்கத்தில் ஒரு மரப்பலகை இருக்கை. அக்கா அதன் முன்னால் நின்று, பனியைத் துடைக்காமலே உட்கார்ந்தார்.

"இதுதான். ரெண்டு முறையும் இதிலதான் இருந்தனான்."

முதுகுப் பையை அவர் இறக்கவில்லை என்பதைக் கவனித்தேன்.

"பையைக் கொஞ்சம் நான் வாங்கிக்கட்டுங்களாக்கா?"

"தொடாதையும்." பிறகு மெல்லச் சிரித்தார். "உமக்குச் சொல்லுறன், ரமணனிட்டைச் சொல்லிப்போடாதையும். போன வருசம் நான் கையை வீசிக்கொண்டு வந்தனான். இதில இருந்து திரும்பிட்டன். நான் திரும்பினது ஆருக்கும் தெரியேல்லை. மேல போய், சாப்பிட்டு, போட்டோ எல்லாம் எடுத்து முடிச்சாப் பிறகுதான் 'அக்கா எங்கை' எண்டு தேடினவை. பிழை சொல்லேல்லை. அவையளுக்கு என்னட்டைத் தேவை ஒண்டும் இல்லை. இந்த முறை சொதி என்னட்டை இருக்கு. வெறும் இடியப்பத்தைத் தின்ன ஏலாது பாரும், தொண்டைக்குள்ள இறங்காது. என்னை விட்டிட்டு அவையள் சாப்பிட ஏலாது. அவையளை விட்டிட்டு நானும் திரும்ப ஏலாது."

தொழில்நுட்பம் படித்தவள் என்ற முறையில் சொல்கிறேன், இதைவிடச் சுத்தமான ஏற்பாட்டை நான் எந்தக் கிடங்கிலும் பார்த்ததில்லை. கையை நீட்டினேன். அக்கா அதைப் பிடிக்காமல் தானே எழுந்தார். பாறை எங்களுக்குப் பின்னால் போயிற்று.

பன்னிரண்டு மணி கடந்து பத்து நிமிடம். 'உச்சிக்கு 0.7 கி.மீ.' என்ற பலகைக்குப் பக்கத்தில், மேலேயிருந்து ஓர் ஆள் சறுக்கிச் சறுக்கி இறங்கி வந்தார். ரமணன். மூக்கு சிவந்திருந்தது.

"அக்கா! மேல எல்லாரும் இடியப்பத்தைப் பாத்துக்கொண்டு இருக்கினம். சொதியைக் கடைசியா வாற ஆளிட்டைக் குடுத்த விசரன் நான்தான். பையைத் தாங்கோ, நான் கொண்டு போறன். நீங்கள் ஆறுதலா வாங்கோ. ஏலாட்டி இதிலையே இருங்கோ, இறங்கேக்க கூட்டிக்கொண்டு போறம்."

அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். அதுதான் ஆபத்து. அக்காவின் வலது கை மெதுவாகத் தோள்பட்டைக்குப் போனது. வாரைப் பிடித்தது. பை போய்விட்டால் என்ன நடக்கும் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

கை வாரை இழுத்து இறுக்கியது.

"ரமணன், நீர் மேல போய் எல்லாரிட்டையும் சொல்லும். சொதி வருது எண்டு."

"அக்கா, ஒரு மணிக்கு…"

"மணி எனக்கும் தெரியும். போம்."

ரமணன் என்னைப் பார்த்தார். "ஒரு மணி, தங்கச்சி."

"மறக்க மாட்டேனுங்க அண்ணா."

அவர் போனதும் நோட்டில் கணக்குப் போட்டேன். எழுநூறு மீட்டர். அக்கா நிற்காமல் முப்பது அடி வைக்கிறார், அது பன்னிரண்டு மீட்டர். பிறகு பத்து மூச்சு விட வேண்டியிருக்கிறது. ஒரு சுற்றுக்கு முக்கால் நிமிடம். மொத்தம் ஐம்பத்தெட்டு சுற்று. பிசகு இல்லையென்றால் ஒரு மணிக்கு ஆறு நிமிடம் முன்னால் உச்சி. பிசகினால், "திரும்பலாங்க்கா" என்று நான் சொல்ல வேண்டும். அந்த வாக்கியத்தை மனதுக்குள் நான்கு விதமாகச் சொல்லிப் பார்த்தேன். எந்த விதமும் நன்றாக இல்லை.

"ஐம்பத்தெட்டே சுற்றுங்க்கா. முப்பது அடி, பத்து மூச்சு. அவ்வளவுதான்."

"பத்து நிமிஷம் எண்டு சொல்லாமல் விட்டீரே, அதுக்கே நடக்கலாம்."

எண்ணிக்கொண்டே ஏறினோம். அடியை அக்கா எண்ணினார், சுற்றை நான். மரங்கள் குட்டையாகிக்கொண்டே வந்தன. ஊசியிலை மரங்கள் ஒவ்வொன்றும் வெள்ளைத் துணி போர்த்திக் கூன் போட்டு நின்றன. காற்று தொடங்கியது. மைனஸ் ஐந்து. மைனஸ் இருபத்தைந்தில் உட்கார்ந்தவள் என்று பெருமைப்பட்டேனே, அங்கே கதவைத் தள்ளினால் வெளியே வெயில் இருந்தது.

நாற்பத்து மூன்றாவது சுற்றில் ஒரு பாறைச் சரிவு. பனிக்கு அடியில் கண்ணாடிபோல ஐஸ். அக்காவின் கால் வழுக்கியது. முழங்கால் மடிந்து, பக்கவாட்டில் விழுந்து, ஓர் ஆள் நீளத்துக்குச் சறுக்கி, ஒரு மரத்தின் வேரில் போய் நின்றார். ஓடிப்போய் நான் அவர் காலைத் தொட்டேன்.

"காலை விடும். பிளாஸ்கைப் பாரும். ஒழுகுதோ?"

பையைத் திறந்து பார்த்தேன். ஒரு சொட்டு இல்லை. முழங்காலை மடக்கி நீட்டச் சொன்னேன், இரண்டு முறை செய்தார், வலி புதிதாக இல்லை என்றார். கடிகாரத்தைப் பார்த்தேன். நான்கு நிமிடம் போய்விட்டது. ஆறில் நான்கு போனால் மிச்சம் இரண்டு. எண்ணை மறைக்காமல் சொன்னேன்.

அக்கா தொப்பியிலிருந்த பனியைத் தட்டினார். "அப்ப பத்து மூச்சை ஏழாக்குவம்."

கடைசிப் பதினைந்து சுற்றுக்கு ஏழு மூச்சுதான். ஐம்பத்திரண்டாவது சுற்றில் மேலே பேச்சுக்குரல் கேட்டது. ஐம்பத்தைந்தில், "வருகினம்! வருகினம்!" என்று யாரோ கத்தினார்கள். அக்கா எண்ணுவதை விட்டுவிட்டார். நானும் விட்டேன். மரங்கள் முடிந்தன. பாறை, வானம், எட்டுப் பேர் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார்கள். கடிகாரத்தில் பன்னிரண்டு ஐம்பத்தாறு.

ரமணன் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு ஓடி வந்தார். அக்காவைப் பிடிக்கவா, பையைப் பிடிக்கவா என்று எனக்குத் தெரியவில்லை. அக்கா இரண்டுக்கும் விடவில்லை. நேரே நடந்து, உச்சியில் இருந்த தட்டைப் பாறையின் மேல் ஏறி நின்று, அதன் பிறகுதான் பையை இறக்கினார். மூடியைத் திறந்தார். மஞ்சள் மணக்கும் ஆவி நேராகக் கிளம்பிக் காற்றில் சாய்ந்தது. நான் வெப்பமானியைப் பிடித்துச் சத்தமாகப் படித்தேன்: "அறுபத்து மூன்று டிகிரி!" விமானம் தரையிறங்கியதுபோல் கைதட்டினார்கள்.

ரமணன் இடியப்பத் தட்டை நீட்டினார். அக்கா கரண்டியை அந்தரத்தில் நிறுத்தினார்.

"என்ர பேர் என்ன?"

"அக்கா, பசிக்குது…"

"பேர்?"

"கலாவதி அக்கா."

"எங்கை நிக்கிறா?"

"பெரிய மலையில. உச்சியில. முழுசா."

"ம். வடிவாப் பிடியும்." ஊற்றினார்.

பக்கத்துப் பாறையில் உட்கார்ந்து குளிர்ந்த சாண்ட்விச் தின்றுகொண்டிருந்த ஒரு பிரெஞ்சுப் பெண் வெகுநேரமாக எங்கள் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா அவளுக்கும் ஒரு கிண்ணம் கொடுத்தார். என்ன சூப் இது என்று கேட்டாளாம். "தேங்காய், மஞ்சள், மிளகாய். மிச்சத்துக்கு மலை ஏற வேணும்" என்று அக்கா பிரெஞ்சில் பதில் சொல்ல, அந்தப் பெண் மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தாள்.

சாப்பிட்டு முடித்த பிறகுதான் அக்கா நிமிர்ந்து பார்த்தார். கீழே எங்கள் காலடியிலிருந்து வெள்ளைக் காடு இறங்கிப் போய், பனி முடியும் அந்தக் கோடு தாண்டியதும் சிவப்பாகவும் ஆரஞ்சாகவும் மாறி, அடிவானம் வரை போயிற்று. நடுவே ஏரிகள். நான் எண்ணியவரை பதினொன்று. ஒவ்வொன்றும் மை கொட்டியதுபோல் கறுப்பு. மேகத்தின் நிழல் ஒன்று சிவப்பின் மேல் மெதுவாக நகர்ந்தது.

"ஸ்னோ எண்டா எனக்கு வேலைக்குப் பிந்திறது மட்டும்தான்" என்றார் அக்கா. "விடியக் காலமை பஸ் வராது, சப்பாத்து நனையும். இருபத்திரண்டு வருசம் குனிஞ்சுதான் பாத்திருக்கிறன். மேல இருந்து பாத்தா இது வேற சாமான்." முழங்காலைத் தடவிவிட்டு இன்னும் கொஞ்ச நேரம் நின்றார். யாரும் அவசரப்படுத்தவில்லை.

ஒன்றரைக்கு இறங்கத் தொடங்கினோம். விதிப்படி நான் கடைசி ஆள். ஆனால் எனக்கு முன்னால் அக்கா இல்லை. அவர் ரமணனோடு முன்வரிசையில் போய்விட்டார். காலிப் பிளாஸ்க் பைக்குள் கடகடவென்று உருளும் சத்தம் எனக்குப் பின்வரிசை வரை கேட்டது.

"டொரண்டோவில இருந்து இஞ்சை வர எவ்வளவு நேரம் எடுக்கும், ரமணன்?"

"காரில ஆறு மணித்தியாலம் அக்கா. மலைக்கு இன்னும் ஒண்டரை."

"அப்ப சனி காலமை வெளிக்கிட்டு, உங்கட வீட்டை நிண்டிட்டு…"

"தாராளமா வாங்கோ. அடுத்த வருசமும் சொதி உங்கட பொறுப்பு. இப்பவே எழுதிறன்."

அக்கா நின்று, திரும்பி, அவரை ஒரு கணம் பார்த்தார்.

"இல்லைத் தம்பி. சொதியை வேற ஆரிட்டையும் குடும். அடுத்த வருசம் நான் கையை வீசிக்கொண்டு வாறன்."